சீனத்து மருந்தும் அறிவிப்பாளர் வரிசையும்

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச மேடை ஏறும் மாணவிகளில் பலர், சீனா வரை சென்றாவது அறிவைத் தேடும்படி கூறும் வாசகத்தை நபிமொழி என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். தரம் பத்தில் எமக்கு இஸ்லாம் பாடம் கற்பித்த ஆசிரியை அந்த வாசகத்தைப் பற்றி ஒரு முழுப் பாடவேளை பேசினார். அதன் கருத்து அழகானது. ஆனால் அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று இமாம் பைஹகீ குறிப்பிட்டிருக்கிறார். இப்னுல் ஜவ்ஸீ அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். கல்வியைத் தேடுவது கடமை என்பது வேறு வழிகளில் உறுதியாகியிருப்பதால், இந்த வாசகம் இல்லாமலும் எமக்கு ஒரு குறைவும் இல்லை என்று ஆசிரியை விளக்கினார்.

வகுப்பில் ஒருத்தி எழுந்து, "நல்ல கருத்துத்தானே டீச்சர், இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "நல்லதா இருக்கிறது வேற, உறுதியா இருக்கிறது வேற மகள்" என்று ஆசிரியை சொன்னார். யார் யாரிடம் கேட்டார், சொன்னவர் நம்பிக்கைக்குரியவரா, அவரது நினைவாற்றல் எப்படிப்பட்டது, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தவர்களா, இடையில் எவராவது விடுபட்டிருக்கிறாரா என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். வாசகம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கண்ணி அறுந்திருந்தால் அதை உறுதியானது என்று அவர்கள் ஏற்கவில்லை.

இரண்டு வருடங்கள் கழித்து, உயர்தர உயிரியல் மாணவியாக இருந்தபோது, அந்தப் பாடம் எனக்கு மீண்டும் தேவைப்பட்டது. அதுவும் சீனத்து மருந்து என்ற பெயரோடு எமது வீட்டுக்கு வந்த ஒரு பொதியின் காரணமாக.

எனது உம்மும்மாவின் இடது குதிக்காலில் ஒரு கரும்புள்ளி இருந்தது. முள் குத்திய தழும்பு என்றே அவர் சொல்லிவந்தார். அது மெல்ல அகன்று, ஓரங்கள் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் மண்ணிறமாகவும் மாறியபோது உம்மா அவரைத் தோல் நோய் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். பயொப்சி எனப்படும் இழையப் பரிசோதனை செய்தார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், ஆரம்ப நிலையில் இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார் விசேட வைத்திய நிபுணர். இரண்டு வாரத்தில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தரப்பட்டது.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் வெளிநாட்டில் தொழில் பார்க்கும் மாமாவின் பொதி வந்து சேர்ந்தது. சில தூள் பைகள், ஒரு சிறிய போத்தலில் கரும்பசை. தூளைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், பசையை மூன்று மாதம் பூச வேண்டும், வெட்டாமலேயே புற்று உதிர்ந்துவிடும் என்று மாமா தொலைபேசியில் சொன்னார். உம்மும்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. காலில் வெட்டினால் காயம் ஆறாது என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மாமாவின் அன்பிலும் அந்தப் பயத்திலும் பொய் இல்லை. வாப்பா பொதியை என் கையில் தந்து, "நீதானே சயன்ஸ் படிக்கிற. இது சரிவருமா எண்டு பாத்துச் சொல்லு மகள்" என்றார்.

எமது உயிரியல் ஆசிரியையின் துணையோடு அந்த நாட்களில் நான் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். சீன மருத்துவத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. உண்மையில் நான் முதலில் படித்தது அதன் மிகப் பெரிய வெற்றியைப் பற்றித்தான்.

1967ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, வியட்நாம் யுத்த காலத்தில், மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டமொன்றைச் சீனா தொடங்கியது. தொடங்கிய நாளை வைத்து அதற்கு 523 என்று பெயரிட்டார்கள். பெய்ஜிங்கில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் 2000க்கும் அதிகமான மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து எலிகளில் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. தூ யூயூ மீண்டும் பழைய நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்பவரின் அவசர வைத்திய நூலில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை இருந்தது. காய்ச்சும்படி அதில் இல்லை. சூடு பட்டால் மருந்து கெடுகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 ஒக்டோபரில் 191ஆம் இலக்கச் சாறு எலிகளில் மலேரியாக் கிருமிகளை முழுமையாக ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தம் உடலிலேயே அதைப் பரிசோதித்தார்கள். அந்த மருந்துதான் ஆர்டிமிசினின். 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது என் மனம் மாமாவின் பக்கமே சாய்ந்தது. பிறகு ஒன்று விளங்கியது. கெ ஹோங்கின் நூல் ஒரு வழிகாட்டிதான். 2000 குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவை சோதனையில் தேறவில்லை. தேறிய செடியும் சரியான பகுதி, சரியான முறை, சரியான அளவு என்று கண்ணி கண்ணியாக நிறுவப்பட்ட பிறகுதான் மருந்தானது. நூல் பழையது என்பதற்காக எவரும் அதை நோபல் மேடையில் ஏற்றவில்லை.

புற்றுநோய்க்கும் சீன மரபிலிருந்து ஒரு மருந்து வந்திருக்கிறது. அது மூலிகையல்ல, நஞ்சு. சீனர் பிஷுவாங் என்றும் எமது நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றும் அழைக்கும் ஆசனிக்குச் சேர்வை அது. 1970களின் தொடக்கத்தில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில், கிராமத்து வைத்திய முறையொன்றில் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கலவையை வைத்தியர் ஷாங் திங்டொங் ஆராய்ந்தார். அதில் பாஷாணம், பாதரசச் சேர்வை, தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. பலன் தருவது பாஷாணம் மட்டுமே, மற்ற இரண்டும் உடலுக்குக் கேடுதான் செய்கின்றன என்று அவரது குழு கண்டது. பின்னர் ஷங்காய் விஞ்ஞானிகள் அது வேலை செய்யும் விதத்தை விளக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவும் அதை அனுமதித்தது. ஒரு குறிப்பிட்ட வகைக் குருதிப் புற்றுநோயில், வைட்டமின் ஏயைச் சேர்ந்த ஒரு மருந்தோடு அளந்து கொடுக்கும்போது, இன்று பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள்.

ஆனால் எமது கேள்வி தோல் புற்றுநோய் பற்றியது. அங்கே இதே ஆசனிக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. சொரியாசிஸ் நோய்க்கு நீண்ட காலம் ஆசனிக்கு அருந்தியவர்களுக்குத் தோல் புற்றுநோய் தோன்றுவதை 1880களிலேயே இங்கிலாந்து வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் அவதானித்தார். பங்களாதேஷில் ஆசனிக்குக் கலந்த கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, சிலருக்கு அது புற்றாக மாறியது. 1970களில் சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கென்று விற்கப்பட்ட சில சீன மாத்திரைகளில் ஆசனிக்கு இருந்ததால் பலரது தோல் கறுத்துத் தடித்தது. குருதிப் புற்றின் ஒரு வகையைக் குணமாக்கும் பொருள், அளவும் இடமும் மாறினால் தோல் புற்றை உண்டாக்குகிறது. ஆகவே "சீன மருந்து புற்றுநோயைக் குணமாக்கும்" என்ற வாக்கியம் எந்தப் பொருள், எந்தப் புற்றுநோய், எவ்வளவு, எவ்வளவு நாள் என்று சொல்லாதவரை எதையும் சொல்லவில்லை.

அப்படியானால் மூலிகைகள்? தோல் புற்றுக் கலங்களைச் சீன மூலிகைச் சாறுகள் கொல்கின்றன என்று சொல்லும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் அடிக்கடி வரும் பெயர்களில் ஒன்று ஹுவாங் லியன். அதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பேர்பெரின் என்ற பொருள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. ஏனென்றால் அதே பேர்பெரின்தான் நாம் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கும் வெனிவெல்கெட்டயிலும், அதாவது மரமஞ்சளிலும், இருக்கிறது. பெத்திரிக் கிண்ணத்தில் வளர்த்த மெலனோமாக் கலங்களின் பெருக்கத்தையும் பரவலையும் பேர்பெரின் தடுப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உயிரியல் ஆசிரியை இதைக் கேட்டுச் சிரித்தார். "பெத்திரிக் கிண்ணத்துல உப்பையும் கூடுதலாப் போட்டா கலம் சாகும்தானே" என்றார். கிண்ணத்தில் உள்ள கலத்துக்கு மருந்து நேரடியாகப் போய்ச் சேர்கிறது. குடித்த கஷாயமோ குடலால் உறிஞ்சப்பட்டு, ஈரலில் மாற்றப்பட்டு, குருதியில் கலந்து, எஞ்சிய சிறு அளவுதான் புற்றைச் சென்றடைகிறது. பேர்பெரினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் தேறியது எலியில் தேற வேண்டும். எலியில் தேறியது மனிதரில் தேற வேண்டும். மனிதரிலும், மருந்து பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோல் புற்றுநோயைப் பொறுத்தவரை, சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்ற இடம்வரை இந்த வரிசையைக் கடந்துவந்த சீன மூலிகை இன்றுவரை ஒன்றும் இல்லை.

இந்த ஒழுங்கு மேற்கு நாட்டார் எம்மீது சுமத்திய ஒன்று என்று எண்ண வேண்டாம். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா தமது கானூன் நூலில், மருந்தைச் சோதிப்பதற்கான நிபந்தனைகளை வரிசைப்படுத்தி எழுதினார். மருந்தில் வேறெதுவும் கலந்திருக்கக்கூடாது. ஒரே நேரத்தில் பல நோய் உள்ளவரிடம் சோதிக்கக்கூடாது. பலன் ஒருமுறை மட்டும் தெரிந்தால் போதாது, திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். கடைசியில், சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட பலன் மனிதருக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை என்ற கருத்தையும் சேர்த்தார். ஹதீஸ் துறையில் அறிவிப்பாளரைச் சோதித்த அதே கவனம் வைத்தியத் துறையிலும் இருந்திருக்கிறது. அதை நாம்தான் மறந்துவிட்டோம்.

அடுத்து அந்தக் கரும்பசை. இதற்கும் சீனாவில் நீண்ட வரலாறு உண்டு. 1617இல் சென் ஷிகொங் என்ற சத்திரவைத்தியர் எழுதிய நூலில், பாஷாணமும் படிகாரமும் சேர்ந்த காரமருந்தொன்றைக் கட்டிகளுக்குள் வைத்து அழிக்கும் முறை இருக்கிறது. இத்தகைய எரிகார மருந்துகள் பல நாடுகளிலும் இருந்தன. அவை தொட்ட இடத்துத் தசை கருகி, பொருக்குத் தட்டி, ஒருநாள் உதிர்ந்து விழும். பார்ப்பவருக்குப் புற்று வேரோடு விழுந்தது போல இருக்கும். ஆனால் பசை நல்ல தோலையும் சேர்த்தே எரிக்கும். மேலே காயம் ஆறித் தோல் மூடிய பிறகு, அடியில் எஞ்சிய புற்றுக் கலங்கள் எவர் கண்ணிலும் படாமல் வளரும்.

1930களில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ப்ரெடரிக் மோஸ் என்ற வைத்தியரும் இத்தகைய காரப்பசையைத்தான் தோல் புற்றுக்குப் பயன்படுத்தினார். நாகக் குளோரைட்டு சேர்ந்த பசை அது. ஆனால் அவர் பசையை நம்பி இருந்துவிடவில்லை. பசை இறுக்கிய தசையைப் படலம் படலமாக வெட்டி எடுத்து, ஒவ்வொரு படலத்தின் அடிப்புறத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். எந்த மூலையில் புற்றுக் கலம் எஞ்சியிருக்கிறதோ அந்த மூலையை மட்டும் மீண்டும் வெட்டினார். காலப்போக்கில் பசை கைவிடப்பட்டது. நுணுக்குக்காட்டி நிலைத்தது. அவரது பெயரிலேயே அந்தச் சத்திரசிகிச்சை இன்றும் உலகெங்கும் நடைபெறுகிறது. மாமாவின் பசைப் போத்தலுக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் விளங்கிக்கொண்டேன். புற்று எஞ்சியிருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்கு ஒருவர் வைத்தியசாலையில் இருக்கிறார். போத்தலில் எவரும் இல்லை.

இதே துறையில் இன்னொரு செய்தியும் உண்டு. அவுஸ்திரேலியாவில் மக்கள் தோல் கட்டிகளுக்குப் பூசிவந்த ஒரு களைச்செடியின் பாலிலிருந்து முறையான மருந்தொன்று தயாரிக்கப்பட்டது. புற்றாக மாறக்கூடிய தோல் தடிப்புகளுக்கு 2012இல் அனுமதியும் பெற்றது. ஆனால் அதைப் பூசிய இடத்தில் தோல் புற்று கூடுகிறதோ என்ற ஐயம் எழுந்ததால் 2020இல் ஐரோப்பாவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. எல்லாப் படிகளையும் தாண்டி வந்த மருந்தைக்கூடத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். எந்தப் படியையும் தாண்டாத போத்தலை யார் கண்காணிப்பது?

மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்காகவே பெல்ஜியத்து நிகழ்வை எழுதுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து உட்கொண்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த அரிஸ்டொலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பின்னர் அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழாய்களும் அகற்றப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. அந்தச் செடியின் உறவுச்செடியான ஈச்சுரமூலி எமது நாட்டிலும் வளர்கிறது, நாட்டு வைத்தியத்திலும் பேசப்படுகிறது. ஆகவே இது தூரத்து நாட்டுக் கதையாக மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பூசும் மருந்திலும் ஏமாற்று நடக்கிறது. 1999இல் இலண்டனில் தோல் அழற்சிக்கென விற்ற பதினொரு சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்தபோது, எட்டில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கலந்திருந்தது. மூலிகை என்று நம்பிப் பிள்ளைகளின் முகத்தில் பூசியிருக்கிறார்கள். எமது வீட்டுப் பொதியிலோ சேர்மானப் பட்டியலே இருக்கவில்லை. உம்மா முதலில் கேட்ட கேள்வி, "இதுல ஹராமான ஏதும் இருக்குமா?" என்பது. சரியான கேள்வி. குர்ஆன் ஹலாலோடு தையிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது அல்லவா? தூய்மையானதா, உடலுக்கு நல்லதா என்ற இரண்டாவது கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். பட்டியல் இல்லாத போத்தல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாது.

இவ்வளவும் படித்த பிறகு, இந்த நோயில் நாட்கள் ஏன் அவ்வளவு பெறுமதியானவை என்பதைத் தெரிந்துகொண்டேன். தோல் புற்றுநோய்களில் மூன்று முக்கியமானவை. அடிக்கலப் புற்று மெதுவாக வளர்ந்து அண்டிய இடத்தை அரிக்கும். செதிற்கலப் புற்று சில வேளை பரவும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் பழைய தீக்காயத் தழும்பிலும் அது தோன்றலாம். மெலனோமா விரைவாகப் பரவக்கூடியது. அதன் ஆழத்தை வைத்தியர்கள் மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். 1 மில்லிமீற்றருக்கு உட்பட்ட நிலையில் வெட்டி எடுத்தால் மிகப் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ சென்றுவிட்டால் கதை வேறு. மூன்று மாதம் பூசிப் பார்ப்போம் என்பது, அந்த மில்லிமீற்றரைப் பணயம் வைப்பதாகும்.

வெள்ளைத் தோலுக்குத்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணமும் எம்மிடம் இருக்கிறது. வெயிலால் வரும் வகைகள் அவர்களிடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் எம்மைப் போன்றோருக்கும் சீனர்களுக்கும் மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. ஜமேக்கப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் அது கண்டுபிடிக்கப்பட்டது. விரலை அகற்றும்படி வைத்தியர்கள் கூறியதை அவர் ஏற்கவில்லை. 1981இல் 36ஆவது வயதில் அவர் இறந்தபோது நோய் மூளைவரை பரவியிருந்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையில் இருந்த மார்பு, நுரையீரல், குடல், புரஸ்டேட் புற்றுநோயாளர்களில், வழமையான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரை, வழமையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியோர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. இந்த ஆய்வில் தோல் புற்றுநோய் சேரவில்லை. ஆயினும் வெட்டி எடுத்தால் தீரும் நிலையில் உள்ள நோயைக் காத்திருக்க வைத்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது.

சீனாவில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். அங்கும் மெலனோமாவை முதலில் வெட்டித்தான் எடுக்கிறார்கள். பரவிய நோய்க்கு, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டொரிபலிமாப் என்ற மருந்தைச் சீன விஞ்ஞானிகளே உருவாக்கி 2018இல் அனுமதி பெற்றார்கள். மூலிகைகளை அங்குள்ள வைத்தியசாலைகள் பசியின்மை, சோர்வு போன்ற தொல்லைகளைக் குறைக்கவே பெரும்பாலும் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கின்றன. சீனாவின் பெயரைச் சொல்லி எம்மிடம் வந்த போத்தல், சீனத்து வைத்தியரே முதலில் எடுக்காத வழியை எமக்குக் காட்டியது.

அன்றிரவு வாப்பாவிடமும் உம்மாவிடமும் இவற்றைச் சொன்னேன். உம்மும்மா தஸ்பீஹை உருட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "காயம் ஆற நாள் எடுக்கும். எடுக்கட்டும். அது வளர்றதுக்கு நாள் குடுக்க ஏலா" என்றார். அதற்கு மேல் வீட்டில் விவாதம் நடக்கவில்லை. உம்மா மாமாவுடன் பேசி, அவரது அன்புக்கு நன்றி சொல்லி, வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவெடுப்போம் என்று மனம் நோகாமல் விளக்கினார். பொதியைப் பார்த்த வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "மறைக்காம கொண்டு வந்தீங்களே, அது பெரிய உதவி" என்றார். சில மூலிகைகள் குருதி உறையும் தன்மையை மாற்றும், சத்திரசிகிச்சைக்கு முன் அவை உள்ளே போயிருந்தால் தமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்கினார்.

குதிக்காலில் கட்டியோடு சுற்றியிருந்த நல்ல தோலிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆழம் 1 மில்லிமீற்றருக்குக் குறைவு என்றும் ஓரங்களில் புற்றுக் கலம் இல்லை என்றும் அறிக்கை வந்தது, அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் பயந்தபடியே காயம் ஆற மூன்று மாதம் எடுத்தது. சீனியைக் கட்டுப்படுத்தி, ஒன்றுவிட்டொரு நாள் மருந்து கட்டி, கதிரையில் இருந்து தொழுது, உம்மும்மா அந்த மூன்று மாதத்தையும் கடந்தார். குறித்த தவணைகளில் இன்றும் கிளினிக் போய் வருகிறார்.

எந்த நோயையும் அல்லாஹ் அதற்கான நிவாரணத்தோடுதான் இறக்கியிருக்கிறான் என்பது எமது நம்பிக்கை. அந்த நிவாரணம் ஒரு சீனச் செடியில் இருக்கலாம், எமது மரமஞ்சளில் இருக்கலாம். அதைத் தேடி உறுதிப்படுத்துவது ஆய்வுகூடத்தில் இருப்பவர்களின் பணி. எமது பாடசாலை மாணவிகளில் சிலர் நாளை அந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. தூ யூயூவைப் போல 2000 குறிப்புகளை எடுத்து 1999ஐத் தள்ளிவைக்கும் பொறுமை அதற்கு வேண்டும். ஆனால் அந்தத் தேடலுக்கான சோதனைக் கிண்ணமாக எமது உம்மாமாரின் உடல் ஆகிவிடக்கூடாது.

பெற்றோரிடமும் சகோதரிகளிடமும் ஒரு சிறு வேண்டுகோள். எமது பெண்கள் வெட்கத்தால் உடலில் உள்ள மாற்றத்தைச் சொல்வதில்லை. பெண் வைத்தியரைக் கேட்டுப் பெறலாம், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. நாளுக்கு ஐந்து முறை வுழூச் செய்யும் நாம், கைகளையும் கால்களையும் விரல் இடுக்குகளையும் கழுவாமல் விடுவதில்லை. இன்ஷா அல்லாஹ், வாரத்தில் ஒருமுறையாவது அந்த நேரத்தில் உள்ளங்காலைத் திருப்பி, நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளரும் புள்ளி, நிறம் மாறும் மச்சம், நகத்தில் அகலும் கருங்கோடு, மாதக்கணக்கில் ஆறாத புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். குனிந்து பார்க்க முடியாத வயதில் வீட்டில் ஓர் உம்மும்மா இருந்தால், அவரது கால்களை நீங்கள் பாருங்கள்.